பிழை அடுப்பில்தான், அம்மா

எனக்கு ஓய்வு கொடுத்த அடுப்புக் கம்பனி என் தொலைபேசிக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. கேக் வெட்டி, மாலை போட்டு, ஒரு மணிக்கூட்டையும் கையில் தந்து அனுப்பினார்கள். அடுத்த நாளே ஒரு பிள்ளை, "மிஸ், புகை வருது, என்ன செய்ய?" என்று கேட்டாள். போன கிழமை சேவைப் பகுதியில் இருக்கும் நிரோஷா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

"மிஸ், இனி நாங்கள் வீடுகளுக்குப் போகத் தேவையில்லையாம். வீடியோ கோல்ல அடுப்பைக் காட்டச் சொல்லி, ஒஃபிஸ்ல இருந்தே பிழை சொல்லட்டாம். நீங்கள் முதல்ல எதைப் பாப்பீங்கள் எண்டு சொல்லுங்கோ, நான் மற்றவைக்கும் சொல்லுறன்."

கொட்டாஞ்சேனையில் என் குசினிக் கதிரையில் இருந்தபடி யோசித்துப் பார்த்தேன். முதலில் நான் அடுப்பைப் பார்த்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குசினிக்குள் போவேன். முதல் விசாரணையைச் செய்வது என் கால்தான். எண்ணெய் சிந்திய தரையா, சாம்பல் பறந்த தரையா, கழுவின தரையா என்று அதற்குத் தெரியும். இதை வீடியோவில் எப்படிச் செய்வது? அவளுக்குக் குரலில் பதில் சொல்லத் தொடங்கினேன். அது முடிகிற பாடாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மண்ணெண்ணெய்க் குக்கர் காலத்தில். ஒருகொடவத்தையில் கம்பனியின் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் பயிற்சி. திரி வெட்டப் பழகினோம், அடைத்த குழாயை ஊதப் பழகினோம், இருமப் பழகினோம். பிறகு காஸ் அடுப்பு வந்தது, அதையும் பழகினோம். எங்களைப் போன்ற பெண்களை எடுத்ததற்குக் காரணம், பகலில் வீட்டில் இருக்கும் பெண்கள் அறிமுகமில்லாத ஆம்பிளையைக் குசினிவரை விடமாட்டார்கள் என்பதுதான். சீருடை வெள்ளை. அடுப்பு பழுது பார்க்கிறவளுக்கு வெள்ளை உடுப்பைத் தெரிவு செய்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு தேத்தண்ணீர்கூடத் தானாக வைத்திருக்கமாட்டார்.

கரி அடுப்பு எங்களிடம் வந்தது காஸ் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில். அப்போது ஆட்கள் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய், ரோட்டோரம் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளவத்தை பிளாட்களில் விறகு மூட்ட முடியாது. மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். எங்கள் கம்பனி உடனே கரி அடுப்பு செய்து விற்கத் தொடங்கியது. வெளியே தகரக் கூடு, உள்ளே சுட்ட மண்ணால் ஒரு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் துளைகள், அதற்குக் கீழே சாம்பல் தட்டு, முன்பக்கம் காற்றுப் போக ஒரு சின்னக் கதவு. எரிப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி. இவ்வளவுதான் அடுப்பு. காஸ் அடுப்பைப் போல அதில் திருகவோ கழற்றவோ ஒன்றும் இல்லாததால், எங்களுக்கு வேலை குறையும் என்று நினைத்தோம். எவ்வளவு அப்பாவிகளாக இருந்திருக்கிறோம்!

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஃபிலோமினா அக்கா இருந்தார். அடுப்பு அணைந்து அணைந்து போகிறது என்று முறைப்பாடு. போய்க் காற்றுக் கதவைத் திறந்தால், உள்ளே நாலைந்து கருவாடு வரிசையாகப் படுத்திருக்கிறது.

"அக்கா, இது என்ன?"

"மழைக்குக் கருவாடு ஊறிப்போகுது பிள்ளை. அந்த ஓட்டைக்குள்ள நல்ல சூடு. சும்மாதானே கிடக்கு?"

"அந்த ஓட்டையாலதான் அக்கா அடுப்பு மூச்சு விடுறது."

"கொஞ்சம் மூச்சு விட்டாக் காணாதோ?" என்று கேட்டார். கருவாட்டை வெளியே எடுத்தார். அடுப்பு பற்றியது. எனக்கும் ஒரு துண்டு பொரித்துத் தந்தார். இப்படியான வேலைகளைத்தான் நாங்கள் செய்தோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடுவதில்லை. ஜன்னல் திறக்காத குசினியில் தீப்பெட்டியைத் தொடவேமாட்டேன். கரி கண்ணுக்குப் புகை காட்டாமலே ஆளைச் சாய்த்துவிடும். "மழை அடிக்குது மிஸ், ஜன்னலைச் சாத்துவமா?" என்று கேட்டவர்களிடம், "அப்ப அடுப்பையும் சாத்துவம், கடையில பாண் வாங்கிச் சாப்பிடுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். நிரோஷா, இதை மட்டும் வீடியோவில் முதலில் கேள்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெயரட்ணம் சேர். ஒல்லி மனிதர். மழையோ வெயிலோ கையில் நீளக் குடை. சட்டைப் பையில் பேனையோடு சேர்த்து இரண்டு மூன்று ஊதுபத்தி குத்தியிருப்பார். அவரைக் கடந்து போனால் கோயிலைக் கடந்து போன மாதிரி இருக்கும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அந்த ஊதுபத்தியை அடுப்பின் கதவருகே பிடிப்பார். புகை உள்ளே இழுபட்டால் அடுப்புக்கு மூச்சு இருக்கிறது. வெளியே தள்ளினால் எங்கேயோ அடைப்பு. எவ்வளவோ விலையில் கருவிகள் வந்தும் அவர் அதை விடவில்லை.

அவருடைய முறை ஒரு தேத்தண்ணீரில் தொடங்கும். முறைப்பாட்டு வீட்டுக்குப் போனதும், அடுப்பைத் தொடமாட்டார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மா, ஒரு பிளேன்டீ போடுங்கோ பாப்பம்" என்பார். அந்த வீட்டு ஆள், அந்த வீட்டுக் கரியை, வழமையாக மூட்டுகிற மாதிரியே மூட்டவேண்டும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். உதவிக்குப் போகக்கூடாது, "இப்பிடி இல்லை" என்று சொல்லக்கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடாது. வருகிற தேத்தண்ணீர் எப்படி இருந்தாலும் அடிவரைக்கும் குடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு என்றால் யோசித்துப் பாருங்கள். என் வயிற்றெரிவு அந்தக் காலத்துச் சொத்து.

அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. வாடிக்கையாளரின் குசினியில் ஆளில் பிழை சொல்லக்கூடாது. "பிழை எப்பவும் அடுப்பில போடோணும், ஸ்டெல்லா. அடுப்புக்கு ரோசம் இல்லை. குசினியில ஆளுக்கு ஆள் கன கணக்குவழக்கு இருக்கும். நாங்கள் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு ஓட்டோ பிடிச்சுப் போயிடுவம். அதுகள் அந்தச் சொல்லோட அங்கயே இருக்கவேணும்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது. குடையின் நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் அவருடைய கோபம்.

அந்தச் சட்டத்தை எங்கள் ஆட்களே மீறியதால் வந்ததுதான் வெள்ளவத்தை மனோன்மணி அம்மா வீட்டு வழக்கு.

கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வேரூன்றிய குடும்பம். மனோன்மணி அம்மா, அவருடைய மகன், மருமகள் தாரணி. கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகவில்லை. முறைப்பாடு இது: மாமியார் மூட்டினால் அடுப்பு எரிகிறது, மருமகள் மூட்டினால் எரியவில்லை. எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பேர் வெவ்வேறு நாளில் போய்ப் பார்த்து, "அடுப்பில பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். பெரிய கெட்டிக்காரர்கள்! அடுப்பில் பிழை இல்லை என்றால் பிழை எங்கே? அந்தக் குசினியில் மிச்சமாக இருந்தது தாரணி மட்டும்தான். இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதும் சேர் குடையால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சேரும் நானும் போனோம். வாசல் காவலாளி, "லிஃப்ட் எக வெட நே மிஸ்" என்று சிரித்தார். லிஃப்ட் வேலை செய்யாதது அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. படியேறினோம்.

மனோன்மணி அம்மா தேத்தண்ணீர் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. கரியைக் கூம்பாக அடுக்கி, நடுவில் தேங்காய்த் தும்பு வைத்து, ஒரே குச்சியில் மூட்டினார். கேத்தல் சத்தம் போட்டது. ஊதுபத்திப் புகை ஒழுங்காக உள்ளே போனது. சாம்பல் தட்டை இழுத்துச் சாம்பலை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். முகப்பவுடர் மாதிரி இருந்தது. தகரக் கூட்டின் பக்கவாட்டில் ஒரு நெளிவு மட்டும் இருந்தது.

"அது மகன் படியில தூக்கி வரேக்க விழுந்தது. அதுக்கும் எரியிறதுக்கும் சம்பந்தமில்லை" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவள் நல்ல பிள்ளை, மிஸ். ஒரு குறையும் சொல்லன். ஆனா கை ராசி இல்லை. நெருப்பு அவளுக்கு நிக்குதில்லை. அதுதான் களுபோவிலப் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மூத்தவளை லண்டனில இருந்து வரச் சொல்லியிருக்கு."

களுபோவிலப் புது பிளாட்டுக்கு அடுத்த மாதம் குடிபூரல். காஸ் அடுப்பில் பால் காய்ச்சக்கூடாது, நெருப்பு நெருப்பாக இருக்கவேண்டும் என்பதால் இதே கரி அடுப்பு அங்கே போகிறது. அதை யார் மூட்டுவது என்பதுதான் வழக்கு. சேர் தேத்தண்ணீரை அடிவரை குடித்தார்.

நாங்கள் படியிறங்கும்போது தாரணி வேலை முடிந்து ஏறி வந்தாள். கையில் கந்தோர் பை, தோளில் சாப்பாட்டுப் பை. என் வெள்ளைச் சீருடையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அடுப்பில பிழை இருக்கோ மிஸ்?" என்று கேட்டாள். தன் வீட்டில் ஒரு சாமான் பழுதாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு ஆசையோடு கேட்டவரை நான் கண்டதில்லை.

"இன்னும் தெரியேல்லை பிள்ளை."

"அந்த வீடு நானும் அவரும் சேந்து வாங்கினது. பால் யாரும் ஊத்தட்டும். முதல் நெருப்பு மட்டும் என்ர கையால மூட்டோணும், மிஸ். எனக்கு ராசி கீசியில நம்பிக்கை இல்லை. ஆனா இப்ப தீப்பெட்டியை எடுத்தாலே குச்சி முறியுது." கண் கலங்கினாலும் அழவில்லை.

சேர் குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நீங்கள் எந்த நாளில பிள்ளை சமைக்கிறது?"

"வெள்ளிக்கிழமை மட்டும், சேர். அண்டைக்கு எனக்கு வீட்டில இருந்துதான் வேலை. மாமி விரதம், விடியக் கோயிலுக்குப் போயிடுவா. மற்ற நாளெல்லாம் குசினி மாமியின்ரதான்."

"அப்ப எங்கட ஆக்கள் வெள்ளிக்கிழமை வந்ததே இல்லை" என்றார் சேர், என்னைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். வேதக்காரியான எனக்கு வெள்ளி என்றால் இறைச்சி சாப்பிடாத நாள். அதற்கு மேல் யோசித்ததில்லை. செருப்பைக் கழற்றிக் குசினிக்குள் கால் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. விடியவே கழுவிய வீடு. வாசலில் கோலம், கதவு நிலையில் மஞ்சள், குசினி முழுக்கச் சாம்பிராணி வாசம். அடுப்பும் குளித்து முழுகி, மூன்று கோடு திருநீறும் நடுவில் குங்குமப் பொட்டுமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு கணம் அதற்கு வணக்கம் சொல்லவேண்டும் போல் இருந்தது.

ஜன்னலைத் திறந்தோம். "ஒரு பிளேன்டீ போடு பிள்ளை" என்றேன். தாரணி கரியை அடுக்கினாள். மாமியார் அடுக்கியது போலவேதான். தும்பும் அதேதான். பற்றியது. நாலைந்து கரி சிவந்தது. பிறகு சிவப்பு மெல்ல மெல்ல மங்கி, சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு, புகை குசினியை நிறைத்தது. தாரணி விசிறினாள், ஊதினாள், இருமினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சேருடைய சட்டம் அன்றுபோல் எனக்கு என்றும் கசந்ததில்லை.

ஊதுபத்தி பிடித்தேன், காற்று உள்ளே போனது. கரியைத் தட்டினேன், உலர்ந்த கரி, ஓசை வந்தது. பிறகு வெளித் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். நெருப்பு இருக்கும் அடுப்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. சாம்பல் தட்டை இழுத்தேன். உள்ளே சாம்பல் இல்லை, சேறு. ஓரத்தில் மஞ்சள்.

"தாரணி, இந்த அடுப்பைக் கழுவினது யார்?"

"மாமிதான். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போக முதல் மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவுவா. அடுப்பு லட்சுமி எல்லோ…" என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

சுட்ட மண் ஒரு வாளி தண்ணீரைச் சத்தமில்லாமல் குடிக்கும். குடித்த தண்ணீரை நெருப்புத்தான் வெளியேற்றவேண்டும். வெள்ளிக்கிழமை தாரணி மூட்டும் நெருப்பெல்லாம் மாமியார் ஊற்றிய தண்ணீரை உலர்த்தவே சரி. சனிக்கிழமை மாமியார் வந்து, மருமகள் கஷ்டப்பட்டு உலர்த்தி வைத்த அடுப்பில் ஒரே குச்சியில் மூட்டிவிடுவார். ராசி என்றால் இதுவல்லவா ராசி!

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மனோன்மணி அம்மா பூசைத் தட்டோடு வந்து நின்றார். புகையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். தாரணி வாயைத் திறந்தாள். மாதக்கணக்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லப் போவது முழு உண்மை. ஆனால் அதைச் சொன்னால் அடுப்பில் வெல்லுவாள், வீட்டில் தோற்றுப்போவாள். நான் வெறுங்காலால் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன்.

"பிழை அடுப்பில்தான், அம்மா" என்றேன்.

"ரெண்டு பேர் வந்து இல்லையெண்டு சொன்னவை."

"அவை சரியாப் பாக்கேல்லை. உள்மண் சரியில்லை. கடற்கரைக் காத்தில ஈரம் குடிக்குது. கம்பனிப் பிழை. கொண்டுபோய் உள்மண்ணை மாத்தித் தாறம்." கடற்கரைக் காற்று என் கற்பனை. கடல் மறுப்புச் சொல்ல வரப்போவதில்லை.

ஒருகொடவத்தையில் சேர் கதையைக் கேட்டுவிட்டுக் குடையைச் சுவரில் சாத்தினார். பிறகு சொன்னார், "என்ர வீட்டிலயும் வெள்ளிக்கிழமை அடுப்புக் கழுவுறவை. நான் குசினிப் பக்கம் போனாத்தானே தெரியும்!" அடுப்பை மெல்லிய நெருப்பில் பல தடவை உலர்த்தினோம். வெளியே பச்சைப் பெயின்ட் அடித்தோம். நெளிவை நிமிர்த்தினால் உள்மண் வெடிக்கும் என்று அதை அப்படியே விட்டுப் பெயின்டைக் கொஞ்சம் தாராளமாகப் பூசினோம். பிறகு சேர், "தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த துணியால் துடைக்கவும்" என்று மூன்று மொழியிலும் ஒரு ஸ்டிக்கர் அடிப்பித்தார். ஓர் அடுப்பில் ஒட்டினால் ஒருவரைச் சுட்டியதாகிவிடும் என்று களஞ்சியத்தில் இருந்த அத்தனை அடுப்பிலும் ஒட்டச் சொன்னார். ஒரு மாமியாருடைய மரியாதைக்காகக் கம்பனி முழுக்க நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டினோம். விரலெல்லாம் பசை.

அடுப்பைச் சேரே கொண்டுபோய்க் கொடுத்தார். மனோன்மணி அம்மா ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமையில?"

"துணியால துடைச்சுத் திருநீறும் பொட்டும் வையுங்கோ அம்மா. எல்லாத்தையும் சுத்தமாக்கிற நெருப்பு இருக்கிற இடத்துக்குத் தண்ணி எதுக்கு?" என்றார் சேர். அம்மா தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தாரணி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஆவி பறக்கும் ஒரு பிளேன்டீ. ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் ஓட்டோவில் இருந்து தனியாகச் சிரித்ததைப் பார்த்து ஓட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பினார்.

குடிபூரலுக்குச் சேரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். களுபோவிலப் பிளாட்டில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வரவேற்பறை நடுவில் பச்சை அடுப்பு, அதன் மேல் மஞ்சள் கட்டிய புதுச் சட்டி. ஜன்னல்கள் திறந்திருந்தன, நான்தான் முதல் வேலையாகத் திறந்துவிட்டேன். லண்டனில் இருந்து வந்த மூத்த மகள் பட்டுச் சேலையில் ஆயத்தமாக முன்னுக்கு நின்றாள். தாரணி பின்னுக்குச் சுவரோடு நின்றாள். தீப்பெட்டி மனோன்மணி அம்மாவின் கையில் இருந்தது. சேர் உள்ளே குடை கொண்டுவரக்கூடாது என்று வாசலில் வைத்துவிட்டு வந்ததால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அம்மா மகளைத் தாண்டிப் போனார். "இந்தா பிள்ளை. உன்ர வீடு. நீ மூட்டு."

தாரணி அடுப்புக்கு முன்னால் குந்தினாள். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது குச்சி பற்றியது, தும்பு பற்றியது, கரி சிவந்தது, சிவப்பு நின்றது. பால் பொங்கி வழிந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மனோன்மணி அம்மா சபைக்குக் கேட்கச் சொன்னார்: "என்ர மருமகளின்ர கை ராசியைப் பாத்தியளே!"

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ராசியா? உலர்ந்த மண் அம்மா, உலர்ந்த மண்! சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். குடை இல்லாததால் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

சாப்பாடு முடிந்து நாங்கள் வெளிக்கிடும்போது அம்மா என் கையில் பலகாரப் பை ஒன்றைத் திணித்தார். தாரணி உள்ளே விருந்தாளிகளோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"பெயின்ட் நல்லா அடிச்சிருக்கிறியள், மிஸ். ஆனா என்ர மகன் போட்ட நெளிவு எனக்குத் தெரியாதோ? அதே கூடு, அதே மண். தண்ணி ஊத்தினது நான்தானே." என் கையை ஒருதரம் அழுத்தினார். "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."